யார்க் பக்கம் ஒரு வாரம் காட்டேஜ், கூடவே நாய்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மழைக்கோட்டு

ஏப்ரலில் ஒரு வாரம் இங்கிலாந்தில் யார்க் நகரத்துக்கு வெளியே கிராமத்துப் பக்கம் காட்டேஜ் எடுக்கலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, அப்புறம் சுண்டல். சுண்டல் எங்கள் நாய். ருமேனியாவில் தெருவில் திரிந்தவனை மூன்று வருடத்துக்கு முன்னால் தத்தெடுத்தோம். 14 கிலோ, ஆள் நல்லவன், ஆனால் தனியாக விட்டால் பத்தே நிமிடத்தில் ஊரைக் கூட்டிவிடுவான். பட்டாசுச் சத்தமும் ஆகாது.

மனைவிக்கு மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரம் ஏறவேண்டும், நகர மதில் மேல் நடக்கவேண்டும். எனக்குக் காலையில் கதவைத் திறந்தால் எதிரே வயல் தெரிந்தால் போதும். சுண்டலுக்கு என்ன வேண்டும் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

தளங்களில் 'நாய் அனுமதி உண்டு' என்று தட்டினால் பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாப் படத்திலும் அதே விறகு அடுப்பு, அதே கம்பளி, அதன் மேல் அதே லாப்ரடார். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

லீட்ஸ்காரி

ஏமாந்தவள் வந்துவிட்டேன்.

நாயை அனுமதிக்கிற வீடு வேறு, நாய் வந்தால் சந்தோஷப்படுகிற வீடு வேறு. நாங்கள் முதல்முறை போனது முதல் வகை. உள்ளே நுழைந்ததும் மேசை மேல் மூன்று பக்கக் காகிதம்: நாய் மாடிக்குப் போகக் கூடாது, சோபாவில் ஏறக் கூடாது, தோட்டத்தில் கயிறு இல்லாமல் விடக் கூடாது, வீட்டில் தனியாக விடவே கூடாது. தரை முழுக்க வெளிர் நிறக் கம்பளம் வேறு. வெளியே மார்ச் மாதச் சேறு. ஒரு வாரம் முழுக்க நாயின் காலைத் துடைத்ததுதான் ஞாபகம்.

இதில் கடைசி விதியைத்தான் கவனிக்கவேண்டும். வீட்டில் தனியாக விடக் கூடாது என்கிறார்கள், நகரத்திலோ பார்க்கவேண்டிய பாதி இடத்துக்குள் நாயை விடமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் முழிக்கிறார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஒரு நாளை மணிவாரியாக எழுதிப் பாருங்கள், எந்த நேரத்தில் நாய் யாரோடு இருக்கும் என்று. அது எழுத வந்தால் எந்த வீடும் சரிதான். தரை மட்டும் கல்லா கம்பளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கல்தரை என்றால் பாதிக் கவலை போய்விடும்.

வேலிப்பொட்டு

நான் ஒரே ஒரு விசயம்தான் சொல்லுவன், வேலி.

'முழுதும் வேலியிட்ட தோட்டம்' எண்டு போட்டிருப்பினம். நம்ப வேண்டாம். இங்கத்தைய கிராமத்து வேலி கனக்க இடத்தில செம்மறிக்குப் போட்ட கம்பிவலை. செம்மறி வெளிய போகாது, ஆனால் சின்ன நாய் ஒண்டு கீழால நுழைஞ்சு போயிடும். பிறகு கேற். ஐந்து சட்டம் போட்ட பண்ணைக் கேற் பாக்க வடிவாத்தான் இருக்கும், கீழ்ச் சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில ஒரு முழம் வெளி. எங்கட டெரியர் வந்திறங்கி நாலு நிமிசத்தில அதுக்குள்ளால போட்டுது. நானும் அண்ணாவும் பக்கத்துப் பண்ணைக் காணிக்குள்ள சப்பாத்தோட ஓடினதை இப்பவும் வீட்டில சொல்லிச் சிரிப்பினம்.

ஒரு நாய்க்கு வேலியில எங்க பொட்டு, அதுதான் ஓட்டை, இருக்கு எண்டு கண்டுபிடிக்க அஞ்சு நிமிசம் காணும். காசு கட்ட முதல் சொந்தக்காரரிட்ட இரண்டு படம் கேளுங்கோ: கேற்றின்ர அடிப்பக்கம் ஒண்டு, வேலியின்ர நாலு மூலையும் ஒண்டு. அனுப்பினால் நல்ல மனிசர். வேலி எத்தினை அடி உயரம் எண்டு நீங்கள் கேக்காமலே எழுதியிருந்தால் அவையும் நாய் வளர்க்கிற ஆக்கள்.

மழைக்கோட்டு

@வேலிப்பொட்டு பேரிலேயே அனுபவம் தெரிகிறது. இன்றே படம் கேட்கிறேன்.

கடைசிப்பெட்டி

தப்பாக நினைக்காதீர்கள். ஒரு வாரம் நாயை ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக நகரத்துக்குள்ளேயே ஓட்டலில் தங்கிப் பார்த்துவிட்டு வரலாமே? இதற்கு இத்தனை பாடா?

மழைக்கோட்டு

ஒருமுறை விட்டோம். இரண்டாம் நாள் சாப்பிடவில்லை என்று போன் வந்தது, திரும்பி வந்துவிட்டோம். அந்த வழி எங்களுக்கு இல்லை.

கடைசிப்பெட்டி

சரி சரி, வாபஸ்.

ஆட்டுக்கிடை

ஏப்ரல் என்று சொன்னீர்கள், அதனால் இதை எழுதுகிறேன். யார்க்‌ஷரில் அது செம்மறிகள் குட்டி போடும் காலம். வயலுக்குள் போகும் பொதுப்பாதையில் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நாயும் வரலாம், ஆனால் ஆடு இருக்கிற வயலில் லீஷைக் கழற்றினால் அவன் துரத்தவே வேண்டாம், கட்டுப்பாடு இல்லாமல் உள்ளே திரிந்தாலே 1953ஆம் வருடத்துக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சினை ஆட்டை ஒரு நாய் சும்மா விரட்டினாலே குட்டி கலைந்துபோகலாம். வேறு வழியில்லாதபோது விவசாயி நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்குத் தற்காப்பு தருகிறது. பயமுறுத்தவில்லை, தெரிந்துகொண்டு போங்கள்.

மூர்லேண்ட் என்கிற புதர் மண்டிய திறந்த மேட்டுநிலம் பக்கம் போனால் இன்னொன்று. பாதையை விட்டு எங்கும் நடக்கலாம் என்று திறந்துவிட்ட நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் பிடிக்கவேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. சுருட்டி நீட்டுகிற லீஷ் வைத்திருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாதாரணக் கயிறு எடுத்துப் போங்கள். ஹெதர் செடிகளுக்கு நடுவே வசந்தகால வெயிலில் ஆடர் என்ற விரியன் பாம்பு படுத்திருக்கும், அதுவும் ஒரு காரணம்.

மாடுகள் மட்டும் நேர்மாறு. கன்றோடு இருக்கிற பசு நாயைப் பார்த்துத்தான் சீறும், உங்களைப் பார்த்து இல்லை. மந்தை துரத்திவந்தால் லீஷை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும், நீங்களும் தப்பிக்கலாம். இதைத் தெரியாமல் நான் ஒருமுறை நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். 22 கிலோ. இடுப்பு இன்றைக்கும் மழைக்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்கும்.

கல்வெட்டுக்கண்

நகரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், யார்க்கில் ஏழு வருடம் இருந்தவன்.

மதில்: மனைவியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மதில் மேல் நாய் கூடாது. உதவி நாய்களுக்கு மட்டும் விலக்கு. மின்ஸ்டர் உள்ளேயும் அப்படித்தான், ரயில்வே மியூசியமும் அப்படித்தான். அதனால் யார்க்கை நாயோடு பார்ப்பது என்றால் வெளியிலிருந்து பார்ப்பது. அது ஒன்றும் மோசமில்லை. கி.பி. 71இல் ரோமானியர்கள் கோட்டை கட்டிய இடம், 306இல் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான், 866இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் விட்டுப்போன பாஷை தெருப்பெயர்களில் இன்னும் இருக்கிறது: இங்கே 'கேட்' என்று முடிகிற பெயரெல்லாம் தெரு, வாசலுக்குப் பெயர் 'பார்'. மிக்கிள்கேட் தெரு, மிக்கிள்கேட் பார் அதன் வாசல். பார் என்றதும் உள்ளே நுழைந்து பானம் தேடிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

மதிலுக்கு ஒரு வழி இருக்கிறது. மிக்கிள்கேட் பாரில் மனைவி மேலே ஏறட்டும், நீங்களும் நாயும் வெளிப்பக்கம் நன்னரி லேனில் நடங்கள். மதில் அந்தத் தெருவை ஒட்டியே ஆற்றுப் பக்கம் போகிறது, புல்மேடு நடுவில், ஏப்ரல் என்றால் டாஃபடில் பூவும் இருக்கலாம். அவர் மேலே, நீங்கள் கீழே, பேசிக்கொண்டே போகலாம், கொஞ்சம் கத்தவேண்டியிருக்கும். அடுத்த பகுதிக்கு நீங்கள் ஏறுங்கள், நாய் கை மாறட்டும். நானும் மனைவியும் இரண்டு நாயோடு இப்படித்தான் முழு மதிலையும் முடித்தோம். மொத்தம் 2 மைலுக்கு மேல்.

மின்ஸ்டர் கோபுரம் 275 படி, குறித்த நேரத்துச் சீட்டு வாங்கவேண்டும். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் நாயோடு வெளியே. அந்தக் கட்டடத்தை 1220இல் தொடங்கி 1472இல்தான் முடித்தார்கள், நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஷாம்பிள்ஸ் தெருவுக்கு நாயோடு பகலில் போகாதீர்கள். சந்து அத்தனை ஒடுக்கம், சுற்றுலாக்காரர் கால்களுக்கு நடுவில் பயந்த நாய் ஒன்று என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் தெருவே உங்களுக்குத்தான். ஓடவிட நேவ்ஸ்மயர் இருக்கிறது, குதிரைப் பந்தய மைதானம், பந்தயம் இல்லாத நாளில் பரந்த புல்வெளி. வழிப்பறிக்காரன் டிக் டர்பினை 1739இல் தூக்கிலிட்ட இடம். சுண்டலுக்கு அதெல்லாம் தேவையில்லை, மோப்பம் பிடிக்க நிறைய இருக்கும்.

லீட்ஸ்காரி

மேலே கீழே நடக்கிற யோசனை அருமை, எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

பனிமூட்டம்73

பட்டாசுச் சத்தம் ஆகாது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் நாயும் அப்படித்தான், நாங்கள் பட்ட பாடு இது.

யார்க்கைச் சுற்றி இருக்கிற சமவெளி முழுக்கப் பயிர் நிலம். விதைத்த வயலில் புறா, காகம் இறங்காமல் இருக்க வாயுத் துப்பாக்கி என்று ஒரு குழாய் வைப்பார்கள். குண்டு கிடையாது, வெறும் வெடிச்சத்தம், ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க. வசந்த காலத்தில்தான் அதிகம். படத்தில் எவ்வளவு அழகான வயலாக இருந்தாலும் அந்தச் சத்தம் படத்தில் வராது. நாங்கள் போன இரண்டாம் நாள் பக்கத்து வயலில் வைத்தார்கள், எங்கள் நாய் குளியல் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தது, வியாழன்வரை வெளியே வரவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் மேல் குறை இல்லை, வயல் அவருடையது இல்லை, ஆனால் நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஆகவே கேளுங்கள்: பக்கத்தில் பயிர் வயலா, மேய்ச்சல் வயலா, வெடி வைப்பார்களா? பறவை வேட்டையில் ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, கிரவுஸ் ஆகஸ்ட் 12இல் தொடங்கும். ஏப்ரலில் அந்தத் துப்பாக்கிகள் இருக்காது, அந்த மட்டும் நல்ல மாதம்தான்.

மழைக்கோட்டு

இது என் தலையில் ஏறவே இல்லை. குளியல் தொட்டி வரி படித்துச் சிரித்தாலும் வயிறு கலங்கியது. நன்றி.

இரண்டு வீட்டைக் கடைசிச் சுற்றுக்கு வைத்திருக்கிறோம். முதலாவது நகரத்திலிருந்து 4 மைல், பழைய தானியக் கொட்டகையை வீடாக மாற்றியது. இரண்டாவது பிக்கரிங் பக்கம், மூர்ஸ் ஓரத்தில், சுற்றிலும் மேய்ச்சல் நிலம். யார்க்குக்கு 25 மைலுக்கு மேல். எதை எடுப்பது?

ஆட்டுக்கிடை

பிக்கரிங். யோசிக்கவே வேண்டாம்.

கல்வெட்டுக்கண்

நான் மறுக்கிறேன். பிக்கரிங்கிலிருந்து யார்க்குக்கு ஏ64 சாலை, பாதித் தூரம் ஒரு வழிக்கு ஒரே தடம், ஈஸ்டர் விடுமுறையில் கடற்கரை போகிற கூட்டம் முழுக்க அதில்தான். போக ஒரு மணி, வர ஒரு மணி, நாய் காரில். கோபுரமும் மதிலும் முக்கியம் என்றால் 4 மைல் வீடுதான். காரை ஊர் ஓரத்தில் நிறுத்திவிட்டு பார்க் அண்ட் ரைடு பஸ் பிடித்து உள்ளே போகலாம், நாயை ஏற்றுவது ஓட்டுநர் விருப்பம், பெரும்பாலும் ஏற்றுவார்கள்.

ஆட்டுக்கிடை

ஒரு வாரத்தில் எத்தனை நாள் நகரத்துக்குப் போவார்கள்? இரண்டு. மிச்சம் ஐந்து நாள் அந்த நாய் எங்கே நடக்கும்? சமவெளியில் நெடுஞ்சாலை ஓரமா? பிக்கரிங்கில் வீட்டு வாசலிலிருந்தே நடக்கலாம், டால்பி காடு பக்கத்தில், பிக்கரிங்கிலிருந்து விட்பி வரை போகிற பழைய நீராவி ரயிலில் நாயும் ஏறலாம். நகரத்தை ஒட்டி வீடு எடுத்துவிட்டு நாய்க்கு நடக்க இடம் தேடி தினமும் காரில் போகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கல்வெட்டுக்கண்

ஐந்து நாள் நாய்க்கு, இரண்டு நாள் மனைவிக்கு. கணக்கு நீங்கள் போட்டது, நான் ஒன்றும் சொல்லவில்லை :)

சாவிக்கொத்து

நான் மறுபக்கத்து ஆள். யார்க்‌ஷரில் இல்லை, வேறு மாவட்டத்தில், ஒரு சின்னக் காட்டேஜ் வாடகைக்கு விடுகிறோம், நாய்க்கு அனுமதி உண்டு. விதிகளைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒரு குடும்பம் போகும், மாலை 4 மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். நடுவில் ஆறு மணி நேரம். அதற்குள் கம்பளத்தில் குத்தி நிற்கிற குட்டை முடி, ஷவரில் நாயைக் குளிப்பாட்டி அடைத்த துவாரம், தோட்டத்தில் பொறுக்காமல் விட்டுப்போனது, எல்லாம் இரண்டு பேர் கையால் போகவேண்டும். தனியாக விடாதே என்று நாங்கள் எழுதியது ஒரு நாய் கதவு நிலையைத் தின்றதால். தின்றது என்றால் நிஜமாகவே, இடுப்பு உயரம்வரை. அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், நாய்க்குத் தெரியாத வீடு, பயந்துவிட்டது. அதன் மேல் தப்பில்லை.

வருவதற்கு முன்னால் நாயைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புகிறவர்களுக்கு நான் எவ்வளவோ வளைந்துகொடுப்பேன். 14 கிலோ, சத்தத்துக்குப் பயம், படுக்கைக்கு ஏறுவான், சொந்தப் போர்வை கொண்டுவருகிறோம் என்று எழுதிப் பாருங்கள். கூண்டில் படுத்துப் பழகிய நாய் என்றால் ஒரு மணி நேரம் விட்டுப்போகக்கூட சில பேர் சம்மதிப்பார்கள். கேட்காமல் செய்தால்தான் எங்களுக்கு எரிச்சல்.

இன்னொன்று, கழுத்துப்பட்டை வில்லை. இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்து மைக்ரோசிப் கட்டாயம், உங்களுக்கு அது இருக்கும். ஆனால் பொது இடத்தில் பெயரும் முகவரியும் உள்ள வில்லையும் சட்டப்படி வேண்டும். வில்லையில் மொபைல் எண்ணும் இருக்கட்டும், காட்டேஜில் சிக்னல் இல்லையென்றால் அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுற்றி ஒட்டுங்கள். காணாமல் போன நாயைப் பிடித்தவர் லண்டன் முகவரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

லீட்ஸ்காரி

@சாவிக்கொத்து நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு அந்த மூன்று பக்கத்தின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெளிர் கம்பளத்தின் மேல் குறையவில்லை.

வேலிப்பொட்டு

மறந்துபோனன். ஈஸ்டர் காலம், யோர்க் சொக்லேட் ஊர், கிட்கேட் பிறந்த இடம். வீட்டுக்காரர் வரவேற்புக் கூடையில சொக்லேட் முட்டை வைப்பினம், மேசையில, நாயின்ர மூக்கு உயரத்தில. நாய்க்கு அது நஞ்சு, கறுத்த சொக்லேட் இன்னும் மோசம். உள்ள போனதும் முதல் வேலை அதை எடுத்து உயரத்தில வையுங்கோ. பக்கத்து மிருக வைத்தியரின்ர நம்பரையும் போக முதலே எடுத்து வையுங்கோ. உண்ணியும் பாருங்கோ, காதடி, கமக்கட்டு, விரலிடை. கொளுக்கி மாதிரி ஒரு சாமான் விக்குது, அதால முறுக்கி எடுக்கவேணும், எண்ணெய் பூசுறது, நெருப்பால சுடுறது எல்லாம் செய்யாதேங்கோ.

பனிமூட்டம்73

நகரத்துக்கு ரயிலில் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஒரு பயணிக்கு 2 நாய்வரை இலவசம், சீட்டில் மட்டும் ஏற்றக் கூடாது. ஊஸ் ஆற்றங்கரைப் பாதை நடக்க நல்லது, ஆனால் மழைக்குப் பிறகு அந்தப் பாதையே ஆற்றுக்குள் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மழைக்கோட்டு

போய் வந்துவிட்டோம். கடன்பட்ட மாதிரி இருந்ததால் எழுதுகிறேன்.

கடைசியில் 4 மைல் வீடுதான். @ஆட்டுக்கிடை மன்னிக்கவும், வெடிச்சத்தம் பற்றிக் கேட்டதும் அந்தச் சொந்தக்காரர் உடனே பதில் போட்டார், சுற்றிலும் மேய்ச்சல், அடுத்த பயிர் வயல் அரை மைல் தள்ளி என்று. பிக்கரிங்காரர் பதிலே போடவில்லை. தேர்வு அங்கேயே முடிந்தது. ஆனால் நடக்க இடம் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மைதான், வீட்டிலிருந்து புறப்பட ஒரே ஒரு பாதை, மூன்றாம் நாளிலிருந்து சுண்டலுக்கே சலித்துவிட்டது. இரண்டு நாள் காரில் மூர்ஸ் போனோம்.

வேலி. படம் அனுப்பியிருந்தார், நன்றாகத்தான் இருந்தது. போய் இறங்கி நான் பெட்டியை எடுப்பதற்குள் சுண்டல் தோட்டத்தைச் சுற்றி மோந்துகொண்டே போய் இடது மூலையில் நின்றான். உரத்தொட்டிக்குப் பின்னால் ஒரு பொட்டு, படத்தில் தொட்டி மறைத்திருந்தது. விறகுக் கட்டை நாலு அடுக்கி அடைத்தோம். சொந்தக்காரருக்கும் செய்தி அனுப்பினேன், அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம்.

மதில்: மிக்கிள்கேட் பாரில் அவள் ஏறினாள், நானும் அவனும் நன்னரி லேனில். முதல் ஐந்து நிமிடம் குரல் மேலேயிருந்து வருவது அவனுக்குப் புரியவில்லை, நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக் குரைத்தான். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பாட்டி யார் மேலே என்று கேட்டார், என் மனைவி என்றேன், ஓ என்று சொல்லிவிட்டு அவரும் கை அசைத்தார். அடுத்த பகுதியில் நான் ஏறினேன், அவன் இப்போது எதிர்பார்த்து நிமிர்ந்தபடியே நடந்தானாம்.

கோபுரம் அவள் மட்டும். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, அதற்கு நாயைச் சாக்கு சொல்லிக்கொண்டேன். தனியாக அவனை ஒரு நிமிடமும் விடவில்லை. சாப்பாடு முழுக்க வீட்டில், இல்லை நாயை விடுகிற பப்பில்.

உண்ணி இரண்டு. முறுக்கி எடுத்தாயிற்று. சாக்லேட் முட்டை மூன்று இருந்தது, குளிர்பெட்டி மேல் வைத்தோம், மூன்றையும் நான்தான் தின்றேன்.

கடைசிப்பெட்டி

படிக்கப் படிக்க எனக்கே நாய் வளர்க்கலாம் போல இருக்கிறது. அந்த வீட்டு லிங்க் கிடைக்குமா? தங்கை வீட்டில் பீகிள் இருக்கிறது, அவர்களுக்கு.

மழைக்கோட்டு

தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பீகிள் என்றால் இடது மூலையில் கட்டை இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.